இருபத்து மூன்று வாரம் சிரித்தவள்

பத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில் ஒரு வாசகர் கடிதத்தைப் படித்துக் காட்டினார். “‘உங்கள் தொடர்கதை நாயகியை யாராவது ஒரு தடவையாவது அறைய மாட்டார்களா?’ முத்து முத்தான கையெழுத்து. சாது அம்மாவாத்தான் இருக்கணும்.”

“நல்லவளா இருக்கிறது தப்பா சார்?”

“இருபத்து மூணு வாரமா சிரிச்சிட்டே இருக்கா மேடம். அடுத்த வாரம் ஒரு தப்பாவது பண்ணட்டும். இல்லேன்னா தொடரை முடிச்சுக்கலாம்.”

எனக்கு இருக்கும் ஒரே வேலை அந்தத் தொடர்தான். ஆனால் நாயகியைத் தொட்டால் வீட்டில் பூகம்பம். காலையில் குளியலறை யாருக்கு முதலில் என்று நாத்தனாரோடு மூண்ட சண்டை பத்து நாள் ஓடியபோது ஆரம்பித்த கதை அது. சமாதானத்துக்காக அவளுடைய மூக்குக்கண்ணாடியையும் கன்னத்து மச்சத்தையும் நாயகிக்குக் கொடுத்தேன். அவளிடம் இல்லாத பொறுமையையும் சேர்த்தே கொடுத்தேன். நான் கையால் எழுதுவதைக் கணினியில் அடித்து அனுப்புகிறவள் அவள்தான். முதல் அத்தியாயத்தை அடித்து முடித்ததும் எனக்கு டீ போட்டுக்கொண்டு வந்தாள். தான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனை முழுக்க, “அது நான்தான்” என்று சொல்லிவைத்தாள்.

பயந்து பயந்து ஒரு குட்டித் தப்பு எழுதினேன். தோழிக்கு வேலை கிடைத்ததாகக் கேள்விப்பட்டு, கதவைச் சாத்திக்கொண்டு நாயகி பொறாமையில் அழுகிறாள். நாத்தனார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அடித்தாள், அனுப்பினாள்.

பத்திரிகை வந்தது. அச்சில் நாயகி அழவே இல்லை. தோழியை வேலைக்குக் கூப்பிட்ட தொலைபேசியை இவளே எடுத்து, “அவங்களுக்கு இஷ்டமில்லையாம்” என்று சொல்லி வைத்துவிட்டிருந்தாள்.

“இப்பத்தான் மேடம் அவ மனுஷி ஆகியிருக்கா” என்றார் ஆசிரியர். தொடர் பிழைத்தது.

நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“நீ ஏன் மாத்தின?”

“நீங்க எழுதினது சப்புனு இருந்துச்சு அண்ணி. அழறதெல்லாம் ஒரு தப்பா?”

“இது எப்படித் தோணுச்சு உனக்கு?”

தலையணை உறையை மூன்று முறை மடித்துப் பிரித்தாள். “அஞ்சு வருஷம் முன்னாடி நூலகத்துலேர்ந்து கூப்பிட்டாங்க. நீங்க குளிச்சிட்டு இருந்தீங்க.”

நூலக வேலைக்கு விண்ணப்பித்து, அந்த அழைப்புக்காக இரண்டு மாதம் காத்திருந்தவள் நான். எனக்குத் தகுதி போதவில்லை என்று நினைத்து, பிறகு அதை நம்பவும் பழகியிருந்தேன்.

“இந்த வீட்டுல வேலைக்குப் போற பொம்பளை நான் மட்டும்தான்னு ஒரு பேரு இருந்துச்சு. அது போயிடும்னு...” என்றவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “அடுத்த வாரம் தோழி அவளை மன்னிக்கிற மாதிரி எழுதிடுங்க. உங்களுக்குத்தான் அதெல்லாம் நல்லா வருமே.”

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மெல்லிய புன்னகை, தோளில் ஒரு கை, ஈரமான கண்கள். அத்தனையும் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஒன்றுகூட வரவில்லை.

“நாளையிலேர்ந்து கதையை நானே அடிச்சுக்கிறேன்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கப் பிடிக்காத அளவுக்கு உயர்ந்திருந்தது.