கயிறு கட்டிய கேப்டன்

உள்ளே எவ்வளவு கொள்ளும் என்ற கணக்கில் உலகத்தின் பெரிய கட்டடங்களை யார் வரிசைப்படுத்தினாலும், பிராண்டு என்ற ஊரிலுள்ள கொட்டகைக்கு முன்வரிசையில் ஓர் இடம் உண்டு. ஈபிள் கோபுரத்தை உள்ளே படுக்க வைக்கலாம், நடுவில் ஒரு தூண்கூட இடிக்காது. அவ்வளவு பெரிய வெறுமையில் தன் பங்கும் கொஞ்சம் உண்டு என்பது ஃபால்கோ லேனிக்கின் எண்ணம்.

உலகத்திலேயே பெரிய ஆகாயக் கப்பலைக் கட்டுவதற்காக எழுப்பிய கொட்டகை அது. வாலிப வயதில் ஃபால்கோ அங்கே பயிற்சி விமானியாகச் சேர்ந்தார். கப்பல் தயாரானதும் பயிற்சி தொடங்கும் என்றார்கள். கொட்டகை முடிந்தது, பணமும் முடிந்தது, கப்பல் மட்டும் வரவே இல்லை. அப்புறம் வந்தவர்கள் மணலைக் கொட்டி, பனைகளை நட்டு, வெளியே பனி விழும்போதும் உள்ளே வியர்க்கிற மாதிரி ஒரு கடற்கரையை உண்டாக்கினார்கள். அருவி வந்தது, பூநாரைகள் வந்தன, தரையோடு கயிற்றால் கட்டிய ஒரு பலூனும் வந்தது. மற்றவர்கள் எல்லாம் வேறு வேலை தேடிப் போய்விட, ஃபால்கோ அந்தப் பலூனில் ஏறிக்கொண்டார்.

வேலை சுலபம். நாலைந்து பேரைக் கூடையில் ஏற்றிக்கொண்டு கூரைக்குக் கொஞ்சம் கீழே வரை போவது. அங்கே நின்று இடது பக்கம் அருவி, வலது பக்கம் பூநாரை என்று சொல்வது. பிறகு கீழே பார்த்துக் கட்டைவிரலைக் கவிழ்ப்பது. வின்ச் மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் ரோனி கயிற்றைச் சுருட்டி இறக்கிவிடுவான். சட்டையில் ‘கேப்டன்’ என்று நிர்வாகமே தைத்துக் கொடுத்திருந்தது. தலைக்கு மேல் கூரை உள்ள ஆகாயத்துக்கு உலகத்தில் தான் ஒருவன்தான் கேப்டன் என்று ஃபால்கோ தனக்குள்ளேயே சிரித்துக்கொள்வார். வெளியே சிரிக்க மாட்டார். ஊரில் விமானி என்று பெயர் எடுத்தாகிவிட்டது, அதைக் கெடுத்துக்கொள்வானேன்?

கெடுக்க மகளே வந்தாள். யாங்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஹார்ட்வின் வெள்ளரிக்காய்ப் பண்ணைக்காரர், குரலும் பெரிது, உடம்பும் பெரிது. அவர் வீட்டில் எல்லோரும் பீர் குடித்துக்கொண்டிருந்தபோது, கல்யாணத்தன்று தன்னையும் மாப்பிள்ளையையும் அப்பாதான் பலூனில் கூட்டிப்போக வேண்டும், கொட்டகைக்குள் இல்லை, வெளியே, நிஜ வானத்தில் என்று யாங்கா கேட்டாள். கேப்டனுக்கு அது என்ன பெரிய காரியம் என்றார் ஹார்ட்வின். அந்த ஒரு வார்த்தைக்காக ஃபால்கோ சரி என்று சொல்லித் தொலைத்தார். கயிறு இல்லாத பலூனில் அவர் ஜென்மத்தில் ஏறியதில்லை.

மறுவாரமே யாருக்கும் சொல்லாமல் நோவாக் அம்மாளைப் போய்ப் பார்த்தார். அந்த அம்மாள் பலூன் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். உரிமம் வாங்க ஒரு வருஷமாவது ஆகும் என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னார். நான் இருபது வருஷமாக மேலே போய் வருகிறவன், ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள் என்று ஃபால்கோ மல்லுக்கு நின்றார்.

விடியற்காலையில் புல்வெளியிலிருந்து பலூன் கிளம்பியது. வழக்கமான உயரம் வந்ததும் ஃபால்கோவின் வாய் தானாகத் திறந்தது. இடது பக்கம் அருவி என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். ஆனால் கை நிற்கவில்லை. கூடைக்கு வெளியே நீண்டு கட்டைவிரலைக் கவிழ்த்தது. கவிழ்த்துவிட்டுக் காத்திருந்தது.

“யாருக்குக் காத்திருக்கீங்க?” என்றார் நோவாக் அம்மாள்.

“இறக்குவாங்க.”

“யாரு?”

அப்போதுதான் ஃபால்கோ கீழே பார்த்தார். புல்வெளியைக் காணோம். பைன் காடு ஓடிக்கொண்டிருந்தது. காற்றோடு சேர்ந்து போகிறவனுக்குக் காற்று உறைப்பதில்லை. ஒரே இடத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டே அடுத்த ஊருக்கு வந்துவிட்டார். கேப்டன் கூடைக்குள் குந்தி உட்கார்ந்தார், தரை தட்டும்வரை எழுந்திருக்கவில்லை.

முதல்முறை ஏறியவர்களுக்கு இறங்கியதும் ஒரு சடங்கு உண்டு. மண்டியிட வைத்து, முன்முடியில் ஒரு கொத்தைப் பொசுக்கி, ஒயினை ஊற்றி அணைத்து, ஒரு பிரபுப் பட்டம் சூட்டுவார்கள். யார் எப்போது கேட்டாலும் பட்டத்தைத் தட்டாமல் முழுசாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எல்லோருக்கும் சாராயம் வாங்கித் தரவேண்டும். நோவாக் அம்மாள் சிரிக்காமலே பட்டம் சூட்டினார். ஃபால்கோவும் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கல்யாண விருந்தைப் பற்றிப் பேச ஹார்ட்வின் வந்தார். ஃபால்கோ காலையிலிருந்தே தொப்பியோடு திரிந்தார். மனைவி ஹைக்கே உருளைக்கிழங்கையும் தயிர்க்கட்டியையும் மேசையில் வைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் என்ன தொப்பி என்று அதைப் பிடுங்கினாள். ஹார்ட்வின் பொசுங்கிய முன்முடியையே உற்றுப் பார்த்தார். அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு மகன் அவரைப் பலூனில் ஏற்றிவிட்டிருந்தான். அவர் தலையும் ஒருமுறை பொசுங்கிய தலைதான்.

“சம்பந்தி, உங்க பட்டம் என்ன?” என்றார் மெதுவாக.

சாராயம் வாங்கிக் கொடுத்துவிட்டுத் தப்பிக்கலாம். கடைக்கு எழுந்து போகிற சாக்கில் இரண்டு தெரு சுற்றிவிட்டும் வரலாம். ஃபால்கோ மகளைப் பார்த்தார். அவள் கரண்டியை வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் இனி எவ்வளவு காலத்துக்கு இந்த வேஷம்?

“பைன் காட்டுக்கு மேல கயிறு தேடிய கோமான், கூடையில் குந்திய குலக்கொழுந்து, ஃபால்கோ பிரபு,” என்றார்.

ஹார்ட்வின் சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. ஹைக்கே வாயைப் பொத்திக்கொண்டாள். யாங்கா சிரிக்கவில்லை.

“சின்னப் பிள்ளையில இருந்து அந்தக் கூடையில ஏறியிருக்கேன். கயிறு என் கண்ணுக்குத் தெரியாமயா இருக்கும், அப்பா?”

“தெரிஞ்சுக்கிட்டேவா கேட்ட?”

“நீங்க முடியாதுன்னு சொல்லுவீங்கன்னு நினைச்சேன். இல்லேன்னா கத்துக்குவீங்கன்னு நினைச்சேன். ரெண்டுல எதுன்னாலும் நல்லதுதானே? நான் போனப்புறம் அந்தக் கொட்டகைக்குள்ளயே ஏறி இறங்கிக்கிட்டு கிடப்பீங்களேன்னு இருந்துச்சு.”

ஃபால்கோவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஊரையே ஏமாற்றிவிட்டதாக இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தார். ஏமாந்தது ஒரே ஒரு ஆள்தான், அந்த ஆளின் முடிதான் பொசுங்கியிருந்தது.

மறுநாள் நோவாக் அம்மாளைப் போனில் கூப்பிட்டார். கல்யாணத்துக்குள் முடியாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு வருஷம் ஆகட்டும் என்றார். ஏறுவது எனக்கு வரும், இறங்குவதை மட்டும் முதலில் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.