வராத வருத்தம்

ஞானபாய் பாவசங்கீர்த்தனத் தொட்டியிலிருந்து எழுந்து வந்தபோது அவள் முகம் சிவந்து கிடந்தது. முக்காட்டோடு வரிசையில் நின்ற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். தொட்டிக்குள் இருக்கிற சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி முடித்தவள் பீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டு, அவர் விதித்த அபராதச் செபத்தைச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகவேண்டும். இவளோ பீடத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள், விறுவிறுவென்று வாசலைத் தாண்டிப் போயேவிட்டாள். அபராதம் இல்லையென்றால் மன்னிப்பும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். இதையெல்லாம் லூசியாபட்டினத்துப் பெண்களுக்கு யாரும் ஆள் வைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதுவும் நேரம் பார்த்தா இப்படி நடக்கவேண்டும்? வருகிற ஞாயிறு கோயில் திருநாள். அன்றைக்குத்தான் அவள் மூத்த மகள் ஜெயசெல்விக்குப் புதுநன்மை, அதாவது பூசையில் சாமியார் நாக்கில் வைக்கிற நன்மை அப்பத்தை முதல்முறையாக வாங்குகிற நாள். வெள்ளைக் கவுன் தைத்தாயிற்று. தலைக்கு வைக்கிற காகிதப்பூ முடி தூத்துக்குடியிலிருந்து வந்தாயிற்று. பீடத்துக்கும் சனங்களுக்கும் நடுவில் இடுப்பளவு ஓடுகிற மரத்தடுப்பை அந்த ஊரில் கிராதி என்பார்கள். முதல்முறை நன்மை வாங்குகிற பிள்ளை கிராதியில் முழங்காலிடும்போது இடது பக்கம் தகப்பன், வலது பக்கம் தாய். மூன்று பேரும் ஒன்றாக வாங்கவேண்டும். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். பக்கத்தில் இருந்துகொண்டே வாங்காத தாய் என்று ஒருத்தியை அந்த ஊர் கண்டதில்லை.

ஞானபாய் செய்ததுதான் என்ன? போன வருஷம், எழுபத்து மூன்றில், ஆறாவது பிள்ளையைப் பெற்றபோது அவளுக்கு இரத்தம் நிற்கவில்லை. கட்டிலோடு தூக்கிப் போய் வாடகைக் காரில் ஏற்றி, தூத்துக்குடி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அங்கே கிருஷ்ணவேணி டாக்டரம்மா இருந்தார்கள். தென்திருப்பேரைப் பெருமாள் கோயில் தெருவில் பிறந்து வளர்ந்தவர்கள், நெற்றியில் சின்னதாக ஒரு ஸ்ரீசூர்ணக் கோடு. ஞானபாய் கண்ணைத் திறந்த மூன்றாம் நாள் கட்டில் ஓரமாக உட்கார்ந்து சொன்னார்கள்:

"இந்தத் தடவை நீங்க பிழைச்சது என் கெட்டிக்காரத்தனம் இல்லம்மா. உங்க மாதா புண்ணியம். அடுத்த தடவை மாதாவையும் என்னையும் சேர்த்துச் சோதிக்காதீங்க."

இனிப் பிள்ளை உண்டாகாதபடி செய்கிற ஆபரேஷனுக்கு ஞானபாய் அன்றைக்கே சம்மதித்தாள். யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. வாளி தருகிறேன், காசு தருகிறேன் என்று எவனும் ஆசை காட்டவுமில்லை. அவளாகக் கேட்டாள், அவர்கள் செய்தார்கள். அது பாவம் என்று திருச்சபை சொல்வது அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் படுத்தாள். அதற்கப்புறம் ஒரு வருஷமாகக் கைப்பிள்ளையைச் சாக்கு வைத்து, நன்மை நேரத்தில் கோயிலுக்கு வெளியே நின்று ஒப்பேற்றிவிட்டாள். புதுநன்மை வந்து அந்தச் சாக்கைப் பிடுங்கிக்கொண்டது.

பங்குச்சாமி இஞ்ஞாசி முரட்டு மனிதர் அல்ல. புயலடித்த அன்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வள்ளம் இழுத்தவர். ஞானபாய் பாவத்தைச் சொன்னபோதும் தொட்டிக்குள்ளிருந்து வலைக்கம்பி வழியாக அவர் குரல் மெதுவாகத்தான் வந்தது.

"மனஸ்தாபப்படுதியாம்மா? செஞ்சதுக்கு வருத்தப்படுதியா?"

"இல்ல சாமி."

"அப்பம் எதுக்கும்மா இங்கன வந்த?"

"பாவத்தைச் சொல்லணும்லா. மறைச்சா அது வேற பாவம்லா."

சாமிக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த இருபது வருஷத்தில் எத்தனையோ பேர் பாவத்தை மறைத்திருப்பார்கள், வருத்தத்தை ஊதிப் பெரிதாக்கியிருப்பார்கள். இப்படிப் பாவத்தை முழுசாகக் கொடுத்துவிட்டு வருத்தம் இல்லை என்று கைவிரித்தவளை அவர் பார்த்ததில்லை.

"ஆண்டவர் மனசு நோவ நடந்துட்டோமேன்னு ஒரு துளி வருத்தம்கூடவா இல்ல? அதை மட்டும் சொல்லு. போதும்."

"நானும் ஒரு வருசமாத் தேடிப் பாத்துட்டேன் சாமி. வரலை. வராததை வந்துச்சுன்னு சொன்னா, அது உங்ககிட்ட சொன்ன பொய் இல்ல. ஆண்டவர்கிட்ட சொன்ன பொய்."

சாமி வலைக்கம்பிக்குக் கிட்டே சரிந்தார். பிறகு சொன்னார்: "உனக்கு நான் மன்னிப்பு தர முடியாது. ஞாயித்துக்கிழமை வாங்காதேன்னுதான் சொல்லுதேன். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. நீ கிராதிக்கு வந்து வாயைத் திறந்தா, நான் தந்துதான் ஆகணும். இங்கன கேட்டதை வச்சு அங்கன உன்னைக் காட்டிக்குடுக்க எனக்கு உரிமை கிடையாது."

கதவு திறந்துதான் கிடக்கிறது, காவலுக்கும் ஆள் இல்லை! வேறு எவளாக இருந்தாலும் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பாள். ஞானபாய்க்குக் கோபம்தான் வந்தது. திருடத் தெரியாதவளிடம் சாவி எங்கே இருக்கிறது என்று ஏன் சொல்லவேண்டும்? அந்தக் கோபத்தோடுதான் எழுந்து வந்தாள்.

மறுநாள் சலேத்தம்மாள் அவளைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த வீட்டுக்காரி, சின்ன வயதிலிருந்து கூட்டாளி. அவள் மகனுக்கும் அதே ஞாயிறு புதுநன்மை. இரண்டு பேரும் முற்றத்தில் உட்கார்ந்து சாளை மீனுக்கு உப்புப் பிசறிக்கொண்டிருந்தார்கள்.

"ஏளா, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? நானுந்தான் பண்ணிக்கிட்டேன். நாத்தனா வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போயி ஆஸ்பத்திரில கிடந்தேன். உனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் தவிர ஒரு குருவிக்குத் தெரியாது."

"சாமிகிட்ட என்னன்னு சொன்ன?"

"வருத்தமா இருக்கு சாமின்னேன். வருத்தந்தான். அந்த ஆஸ்பத்திரிக் கஞ்சியை நெனச்சா இன்னமும் வருத்தமாத்தான் இருக்கு."

ஞானபாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. இரண்டு பேரும் உப்புக்கையோடு முதுகு குலுங்கச் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் ஞானபாய் கேட்டாள்:

"நன்மை வாங்கையில உனக்குப் பயமா இல்லையா சலேத்து?"

சலேத்தம்மாள் ஒரு மீனை எடுத்து, ஏற்கெனவே உப்புப் போட்ட அதே மீனுக்கு மறுபடியும் உப்புப் போட்டாள். "முதல் ஞாயிறு இருந்துச்சு. பெறவு பழகிப்போச்சு," என்றாள்.

ஞானபாயின் புருஷன் பர்னபாஸ் சங்கு குளிக்கப் போகிறவன். நல்ல மனுஷன். சண்டை என்றால் பத்து அடி விலகி நிற்கிற சுபாவம். அன்று சாயங்காலம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவன் மெதுவாகத் தொடங்கினான்.

"ஒரு வார்த்தைதான ஞானம். சொல்லிட்டா முடிஞ்சுது."

"கடலுக்குள்ள முங்கி, ஒரு சங்கும் கிடைக்காம மேல வந்துட்டு, கிடைச்சுதுன்னு சொல்லுவீயளா?"

"சொன்னா, எங்க காட்டுன்னுல்லா கேப்பான்?"

"அங்கயும் கேப்பாவ."

பர்னபாஸ் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தான். "அப்பம் ஒண்ணு செய்வோம். உனக்குக் காய்ச்சல்னு சொல்லிருவோம். உங்க அக்கா பிள்ளை பக்கத்துல இருக்கட்டும்."

அவ்வளவுதான், ஞானபாய் கரண்டியைச் சட்டிக்குள் போட்ட சத்தத்தில் தூங்கிய கைப்பிள்ளை விழித்துக்கொண்டது. "ஒரு பொய்க்கு மாட்டேன்னு சொன்னா இன்னொரு பொய்யத் தூக்கிட்டு வாரீயளே! என் பிள்ளைக்குப் பக்கத்துல நான்தான் முழங்கால் போடுவேன். வாயைத் திறக்க மாட்டேன். ஊரு பாத்தாப் பாக்கட்டும்." பர்னபாஸ் எழுந்து கையைக் கழுவினான். அழுத பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தான்.

வீம்பாகச் சொல்லிவிட்டாளே தவிர அவளுக்கு அது லேசான காரியம் அல்ல. நன்மை என்றால் அவளுக்கு ஏதோ ஊர்ச்சடங்கு அல்ல. அது இல்லாத இந்த ஒரு வருஷமும் சாப்பிட்டும் பசி அடங்காதவள் போலத்தான் திரிந்தாள். வாங்கவேண்டும் என்று கொள்ளை ஆசை. அதற்காகத்தான் பொய் சொல்ல மாட்டேன் என்று நின்றாள். இதை யாரிடம் போய்ச் சொல்ல? சாமிக்குப் புரியும், ஆனால் பேச முடியாது. மற்றவர்கள் பேசுவார்கள், ஆனால் புரியாது.

ஞாயிறு வந்தது. கோயில் கொள்ளாத கூட்டம், கொழும்பிலிருந்து வந்த சொந்தங்கள் வேறு. பூசை நடந்து நன்மை நேரமும் வந்துவிட்டது. பிள்ளைகள் எரிகிற மெழுகுதிரியும் கையுமாக வந்து கிராதியில் வரிசையாக முழங்காலிட்டார்கள். தகப்பன், பிள்ளை, தாய் என்று வரிசை ஒழுங்காக நின்றது. ஜெயசெல்விக்கு வலது பக்கம் ஞானபாய். அவளை அடுத்துச் சலேத்தம்மாளின் குடும்பம்.

சாமிக்குப் பக்கத்தில் தொம்மை அண்ணாவியார் வந்தார். ஊருக்கே ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிறவர். கஞ்சி போட்ட வேட்டி மொடமொடக்க, நன்மை கீழே விழுந்துவிடாதபடி ஒவ்வொருவர் தாடைக்குக் கீழேயும் தட்டை ஏந்துகிற வேலை அவருக்கு.

"கிறிஸ்துவின் திருவுடல்." "ஆமென்," என்று பர்னபாஸ் வாங்கினான்.

"கிறிஸ்துவின் திருவுடல்." "ஆமென்," என்று ஜெயசெல்வி வாங்கினாள். பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது.

அடுத்து ஞானபாய். கை கூப்பியிருந்தது, முகம் நிமிர்ந்திருந்தது, வாய் மூடியிருந்தது. சாமி ஒரு கணம் நின்றார். பிறகு எதுவுமே நடக்காதது போல நகர்ந்தார். அத்தோடு போயிருக்கும். ஆனால் அண்ணாவியாரின் தட்டு அவள் தாடைக்கடியை விட்டு அசையவில்லை.

"ஏளா, வாயைத் திற," என்றார்.

அவள் தலையை ஆட்டினாள்.

"வாயைத் திறங்கிறேன்! ஏன் வாங்கலை?"

அண்ணாவியார் இரகசியமாகக் கேட்டதாகத்தான் நினைத்திருப்பார். அவர் தொண்டைக்கு இரகசியம் ஏது? ஆர்மோனியக்காரனும் அந்த நேரம் பார்த்துப் பாட்டை முடித்துத் தொலைத்தான். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. சாமியே கேட்கக்கூடாத கேள்வி அது. "விடும் அண்ணாவியாரே," என்று சாமி திரும்பிச் சொன்னார். ஞானபாய் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கேட்ட கேள்விக்கு மழுப்புவதும் அவளுக்குப் பொய்தான்.

"ஆபரேசன் பண்ணியிருக்கேன் அண்ணாவியாரே. மனஸ்தாபம் வரலை. மனஸ்தாபம் இல்லாம வாங்கப்பிடாதுன்னு சின்னப்பிள்ளைல எனக்குச் சொல்லித் தந்தது நீருதான்."

அடுத்த நொடி ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வெடித்தது: "அப்பம் கிராதில உனக்கு என்ன சோலி? எந்திரிளா!"

"இவளப் பெத்தவ நான். எந்திரிக்க மாட்டேன்," என்றாள் ஞானபாய், திரும்பிப் பார்க்காமலே.

சாமி தட்டு இல்லாமலேயே சலேத்தம்மாளின் புருஷனுக்கும் மகனுக்கும் கொடுத்தார். பிறகு சலேத்தம்மாள் முன்னால் வந்தார். அவள் ஏற்கெனவே வாயைத் திறந்திருந்தாள். "கிறிஸ்துவின் திருவுடல்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் வாயை மூடிக்கொண்டாள். கன்னத்தில் கண்ணீர் ஓடியது.

"பொய் சொன்ன வாய் சாமி. இன்னைக்கு வேண்டாம்."

ஞானபாய் சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள். இதையா அவள் கேட்டாள்? "ஏளா சலேத்து, உன்னை யாரு இதைச் செய்யச் சொன்னது? உங்க மாமியா பின்னால நிக்கா," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். சலேத்தம்மாள் காதில் வாங்கவில்லை. அதற்கடுத்த தாய் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். அவளுக்கு அடுத்தவள் மூடிக்கொண்டாள். கிராதியின் கடைசியில் இருந்தவளும் மூடிக்கொண்டாள். அவர்கள் யார் யார், என்ன காரணம் என்று சாமிக்குத் தெரிந்திருந்தாலும் அவர் முகம் எதையும் சொல்லவில்லை.

அண்ணாவியார் அதே இடத்தில் நின்றார். கோபம் எல்லாம் வடிந்து, மனிதர் கெஞ்சுகிற நிலைக்கு வந்திருந்தார். தான் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் ஒவ்வொருத்தியாகக் கைவிட்டுப் போகிறார்களே என்ற தவிப்பு அவருக்கு.

"ஒரு துளிகூடவா ஞானபாய், வருத்தம் வரலை?"

ஞானபாய் மகளைப் பார்த்தாள். ஜெயசெல்வி கண் திறக்காமல், உதடு மட்டும் அசைய, செபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெண்கள் பக்கத்தில் ஞானபாயின் அக்கா மடியில் கைப்பிள்ளை, அதைச் சுற்றி மற்ற நாலும். ஞானபாய் அண்ணாவியாரை நிமிர்ந்து பார்த்தாள்.

"செத்துப்போகாம இருந்ததுக்கு எப்பிடி வருத்தப்படணும், அண்ணாவியாரே? நீரு சொல்லித் தாரும். இங்கனயே படுதேன்."

அண்ணாவியார் ஏந்திய தட்டைக் கீழே இறக்கினார். உதவிக்குச் சாமியைத் திரும்பிப் பார்த்தார். சாமியும் அவர் என்ன சொல்லப்போகிறார் என்றுதான் காத்து நின்றார்.