மூடி வைத்த கிளாஸ்

மார்ச் 14, வியாழன். இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். மாலை வகுப்பின் கடைசித் தேர்வில் நீ பரிமாறும் மேஜைக்கு யாரைக் கூப்பிடுகிறாய் என்று டீச்சர் கேட்ட சீட்டில் ‘அண்ணன், அண்ணி’ என்று எழுதி, இரண்டு பேருடைய போன் நம்பரையும் போட்டுக் கொடுத்துவிட்டேன். பழக்கத்தில் கை எழுதிவிட்டது. படியிறங்கும்போதுதான் உறைத்தது. திரும்பி ஓடினேன், வகுப்பறை பூட்டியிருந்தது. நாளைக் காலை முதல் வேலையாகப் பெயரை மாற்ற வேண்டும்.

டைரியில் இப்படி எழுதியவளால் மறுநாள் காலையில் மாற்ற முடியவில்லை. பல் வைத்தியரின் கிளினிக்கில், பின்னறையில், பிளாஸ்டர் மாவு குழைத்துப் பல் வரிசைகளுக்கு அச்சு வார்ப்பது அவள் வேலை. குழைத்த மாவு யாருக்காகவும் காத்திருக்காது. கொஞ்சம் அசந்தால் கிண்ணத்திலேயே கல்லாகிவிடும். இரண்டு கையிலும் வெள்ளை அப்பியிருந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ரயில் பாலத்துக்குக் கீழே இருக்கும் உணவகத்தின் முதலாளி. “டீச்சர் கொடுத்த நம்பர்ல உங்க கெஸ்ட் ரெண்டு பேருக்கும் பேசிட்டேம்மா. ரெண்டு பேரும் வர்றேன்னுட்டாங்க. ஜன்னலோர மேஜை ஒதுக்கியிருக்கேன்,” என்றார். “ரெண்டு பேருமா?” என்று கேட்டாள். “ஏம்மா, ஒருத்தர்தான் வரணுமா?” என்றார் அவர். அவள் மென்று விழுங்கி, “இல்ல, ரெண்டு பேரும்தான்,” என்று வைத்துவிட்டாள். அதற்குள் கிண்ணத்தில் மாவு இறுகியிருந்தது.

அண்ணனும் அண்ணியும் விவாகரத்து வாங்கி ஒரு வருடம் ஆகப்போகிறது. சண்டை சச்சரவு எதுவும் அவள் காதுக்கு வரவில்லை. “ஒத்து வரல,” என்றான் அண்ணன், தான் பழுதுபார்க்கும் லிஃப்டில் எந்தப் பாகம் போயிற்று என்று சொல்வதுபோல. அம்மா கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. அண்ணி வேறு வீடு பார்த்துப் போய்விட்டாள். அண்ணிக்கு ஒரு போன் பண்ண வேண்டும் என்று தங்கை முதல் வாரமே நினைத்தாள். நாள் தள்ளிப்போகப் போக, இத்தனை நாள் ஏன் பேசவில்லை என்பதற்கும் சேர்த்து ஒரு பதிலைத் தயார் செய்ய வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, அந்தப் பக்கம் எடுத்ததும் என்ன சொல்லிக் கூப்பிடுவது? அண்ணனோடு முடிந்துபோனவளை அண்ணி என்று கூப்பிடலாமா? கூப்பிட்டால் குத்திக்காட்டுவதுபோல் ஆகிவிடாதா? பெயர் சொல்ல வாய் வராது. அக்கா என்றால் பேருந்தில் பக்கத்து சீட்டில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோல் இருக்கும். இந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தே மாதங்கள் ஓடிவிட்டன.

அதற்கு முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை என்றால் மூன்று பேரும் ஏதாவது ஒரு கடையில் இருப்பார்கள். ஊரில் சின்னச் சின்னதாகப் பியர் காய்ச்சும் கூடங்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. பக்கத்துத் தெருக்காரர் காய்ச்சிய கிராஃப்ட் பியர் இந்தத் தெரு உணவகத்தின் குழாயில் வரும். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அண்ணி பெயின்ட் கடையில் வண்ணம் கலக்கிறவள். உள்ளே நுழைந்ததும் அண்ணன் குழாய்கள் இருக்கும் பக்கம் போய்விடுவான். பியர் அவன் பொறுப்பு. அண்ணி மேஜையில் உட்கார்ந்து சாப்பாடு சொல்வாள். ஒருவர் எடுத்ததை மற்றவரிடம் மூச்சு விடக்கூடாது, அதுதான் ஆட்டம். தட்டும் கிளாஸும் வந்த பிறகு முதல் வாயும் முதல் மடக்கும் தங்கைக்கு. அவள்தான் நடுவர். பொருந்தினால் மேஜையை இரண்டு தட்டு தட்ட வேண்டும், பொருந்தாவிட்டால் ஒன்று. நடுவர் அநியாயத்துக்கு நேரம் எடுத்துக்கொள்வாள். ஒரு வாய், ஒரு மடக்கு, மறுபடி ஒரு வாய், கண்ணை மூடி யோசனை. “தீர்ப்பு வர்றதுக்குள்ள மீன் எழுந்து நீந்திப் போயிடும்டி,” என்பாள் அண்ணி. எந்தச் சுவையையும் வண்ணமாகச் சொல்லித்தான் அண்ணிக்குப் பழக்கம். கருப்பு பியரோடு உருளைக்கிழங்கு வறுவல் வந்த அன்று, “நல்ல மர அலமாரிக்கு மறுபடி பாலிஷ் போட்ட மாதிரி இருக்கு,” என்றாள். இதே ரயில் பாலத்துக் கடையில், பொரித்த மீனோடு புளிப்பு பியர் வந்து சேர்ந்த அன்று எதுவுமே சொல்லவில்லை. நடுவரும் யோசிக்காமல் இரண்டு தட்டு தட்டிவிட்டாள்.

பாதியில் அண்ணனுக்குப் போன் வரும். எங்கோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்று, யாரோ உள்ளே மாட்டிக்கொண்டிருப்பார்கள். அவன் எழுந்து போனதும், கிளாஸுக்கு அடியில் வைக்கும் வட்ட அட்டையை எடுத்து அண்ணி அவனுடைய கிளாஸை மூடி வைப்பாள். அவன் திரும்பி வந்து, நுரை செத்துச் சூடேறிப்போன அந்தப் பியரைத் தேவாமிர்தம்போல் குடிப்பான். சில வெள்ளிக்கிழமைகளில் திரும்பி வரமாட்டான். அப்போது இவர்கள் இரண்டு பேரும் கதை பேசித் தீர்த்துவிட்டு, மூடிய கிளாஸை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வருவார்கள். அன்றைக்கு அது தங்கைக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. வீட்டிலும் எத்தனை தட்டுகள் இப்படி மூடியே இருந்திருக்கும் என்று ரொம்பப் பிறகுதான் யோசித்தாள்.

அந்த வெள்ளிக்கிழமைகள் நின்றுபோனதால்தான் மாலை வகுப்பில் சேர்ந்தாள் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. “பல்லு வார்க்கிறவளுக்கு எதுக்குடி பியர் படிப்பு?” என்று அம்மா கேட்டதற்கு, “சர்டிபிகேட் கொடுப்பாங்கம்மா,” என்று சமாளித்தாள். வகுப்பு எடுத்த டீச்சர் சொந்தமாகப் பியர் காய்ச்சுகிறவர். ஒரு வார்த்தை போதுமென்றால் இரண்டாவதைச் செலவழிக்க மாட்டார். கடைசித் தேர்வு இதுதான்: ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஓர் உணவகத்தில் ஒரு மேஜை. இரண்டு விருந்தினர், மூன்று தட்டு, மூன்று பியர். பரிமாறலாம், கூட உட்காரக் கூடாது. டீச்சர் எதையும் ருசி பார்க்க மாட்டார். கடைசியில் வந்து, மேஜையில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பார். அவ்வளவுதான்.

அவள் எல்லாவற்றையும் வகுப்பில் சொன்னபடியே தேர்ந்தெடுத்தாள். சுட்ட காளானுக்குப் பழுப்பு பியர், மிளகாய் தடவிய கோழி இறக்கைக்குக் கோதுமை பியர், சாக்லேட் கேக்குக்குக் கருப்பு பியர். ஒன்றிலும் யாரும் குறை சொல்ல முடியாது. அதனாலேயே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

புதன்கிழமை மாலை அண்ணிதான் முதலில் வந்தாள். விரலிடுக்கில் பச்சை பெயின்ட் காய்ந்திருந்தது. கொஞ்சம் இளைத்திருந்தாள். “வாங்க,” என்றாள் தங்கை. “இங்க உட்காருங்க. தண்ணி வைக்கவா?” அண்ணி உட்கார்ந்து மேஜையை ஆட்டிப் பார்த்தாள். “இன்னும் ஆடுது பாரு,” என்றாள்.

அண்ணன் வழக்கம்போல் தாமதமாக, சட்டைக் கையில் கிரீஸோடு வந்தான். ஒரு நொடி நின்று, எதிர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

“வந்து ரொம்ப நேரமாச்சா?”

“இப்பத்தான். இன்னிக்கு யாரு மாட்டினாங்க?”

“யாரும் இல்ல. ஒரு பியானோ.”

“அழுதுச்சா?”

அண்ணன் சிரித்துவிட்டான். தங்கை காளானைக் கொண்டுவந்து வைத்து, பழுப்பு பியரை ஊற்றிவிட்டு, குழாய்ப் பக்கம் போய் நின்றுகொண்டாள். கிளினிக்கின் முன்னறையில் முறைக்காகக் காத்திருக்கும் நோயாளிகள்போல இருவரும் மடியில் கையை வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்சம் சாப்பிட்டார்கள். கொஞ்சம் குடித்தார்கள். அவள் பக்கத்தில் போனதும் அண்ணன் நிமிர்ந்து, கண்ணை மூடி, தாடையைத் தடவி, ரொம்ப நேரம் யோசிப்பதுபோல் நடித்துவிட்டு, மேஜையை ஒரு தட்டுத் தட்டினான். அண்ணியும் ஒரு தட்டு.

“என்ன நடுவரே, முகம் சுருங்குது?” என்றான் அண்ணன். “எங்களை எவ்வளவு பாடு படுத்தியிருப்ப!”

கோழி இறக்கையும் பாதிக்கு மேல் தட்டிலேயே இருந்தது. “தப்புன்னு சொல்ல முடியாதுடி,” என்றாள் அண்ணி. “கடையில அதிகமா விக்கிற வெள்ளை பெயின்ட் மாதிரி இருக்கு. எல்லார் வீட்டுக்கும் சரியா வரும்.”

தங்கை தட்டுகளைப் பக்கத்து மேடையில் ஒதுக்கி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். கேக்கில் கத்தி வைக்கப்போன சமையல்காரரிடம், “அண்ணே, அது வேணாம். மீன் பொரிக்க முடியுமா?” என்றாள். “லிஸ்ட்ல கேக்னுதானேம்மா எழுதியிருக்கு?” “தெரியும்ணே.” அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கேள்வி கேட்காமல் எண்ணெய்ச் சட்டியை ஏற்றினார். அவள் அந்தப் பழைய புளிப்பு பியர் வரும் கடைசிக் குழாயைத் திறந்தாள்.

மீன் மேஜைக்குப் போனதும் இருவரும் அதைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அண்ணன் எலுமிச்சையை எடுத்துத் தன் பக்கத்து மீனில் மட்டும் பிழிந்தான். அண்ணிக்கு எலுமிச்சை பிடிக்காது. ஒரு துளி தெறிக்காமல் கையை அணை கட்டிக்கொண்டு பிழிந்தான். ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கிளாஸ்களில் பியர் வைக்கோல் நிறத்தில் ஒளிர்ந்தது. முள்ளை எடுப்பது, மெல்லுவது, ஒரு மடக்கு குடிப்பது. முதலில் மேஜையைத் தட்டியது யாரென்று தங்கையால் சொல்ல முடியவில்லை. இரண்டு பேரும் இரண்டு தட்டு. ஆடும் மேஜையில் தண்ணீர்க் கூஜா கிணுகிணுத்தது.

அப்போது போன் அடித்தது. அண்ணன் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தான். அது மறுபடி அடித்தது.

“எடுங்க,” என்றாள் அண்ணி. “யாரோ உள்ள மாட்டிக்கிட்டு இருப்பாங்க.”

குரலில் கோபம் இல்லை. இல்லாததுதான் அண்ணனுக்குக் கஷ்டமாக இருந்ததுபோல் தெரிந்தது. பேசி முடித்து எழுந்தான். தங்கையின் தலையில் கையை வைத்து, “நல்லா இருந்துச்சு நடுவரே,” என்றான். அண்ணியைப் பார்த்து, “வர்றேன்,” என்றான்.

“பார்த்துப் போங்க.”

கதவு சாத்தியதும் அண்ணியின் கை தானாக நகர்ந்தது. வட்ட அட்டையை எடுத்து, பாதி இருந்த அவன் கிளாஸை மூடியது. மூடிய பிறகுதான் அண்ணி அதைப் பார்த்தாள். எடுத்துவிடுவாள் என்று தங்கை நினைத்தாள். அண்ணி எடுக்கவில்லை.

“வந்ததுலேர்ந்து பார்க்கிறேன்,” என்றாள், கிளாஸிலிருந்து கண்ணை எடுக்காமல். “வாங்க, உட்காருங்க, தண்ணி வைக்கவா. வாசல்ல நின்ன சர்வர் பையன்கூட மேடம்னு ஒரு வார்த்தை சொன்னான். நீ என்னை ஒண்ணுமே சொல்லிக் கூப்பிடலயே?”

“எப்படிக் கூப்பிடுறதுன்னு தெரியல,” என்றாள் தங்கை.

“அதனாலதான் போனே பண்ணலயா?”

தங்கை ஆமென்று தலையாட்டினாள்.

“லூசு. உங்க அண்ணனைப் பிரியிறதுக்கு எத்தனையோ பேப்பர்ல கையெழுத்து போட்டேன். எல்லாத்தையும் படிச்சுப் பார்த்துத்தான் போட்டேன். உன்னைப் பத்தி எதுலயும் ஒரு வரிகூட இல்ல.”

“சீட்டுல தெரியாம எழுதிட்டேன். பழக்கத்துல கை...”

“இந்தக் கடைக்காரர் போன்ல கேட்டார், ‘அண்ணின்னு எழுதியிருக்கு, நீங்கதானா’ன்னு.” அண்ணி பச்சை விரலால் மேஜையில் இருந்த ஈரத்தைத் துடைத்தாள். “ஆமான்னுட்டேன்.”

பாலத்தின் மேல் ரயில் ஒன்று போய் முடிந்தது.

“அண்ணி,” என்றாள் தங்கை.

“ம். வாயிலேர்ந்து முத்து உதிர்ந்துடுச்சா?” அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு பையை எடுத்தாள். “நாளைக்குக் கடைக்கு வா. புது வீட்டுச் சமையலறைக்கு ஒரு மஞ்சள் கலக்கிட்டிருக்கேன், பிடிபட மாட்டேங்குது. எங்க முதலாளி எதைக் காட்டினாலும் பிரமாதங்கிறார். ஒரு தட்டா, ரெண்டு தட்டான்னு சொல்ல ஆள் இல்ல.”

அண்ணி போன பிறகு டீச்சர் வந்தார். ஒதுக்கி வைத்த காளானையும் கோழியையும் பார்த்தார். மீன் தட்டில் முள்ளும் பிழிந்த எலுமிச்சையும் மட்டும் கிடந்தன. “இது லிஸ்ட்ல இல்ல,” என்றார். “இல்ல டீச்சர்.” டீச்சரின் பார்வை மூடிய கிளாஸுக்கு வந்தது. “இது மிச்சமா?”

அவள் யோசித்தாள். நடுவராக இருந்தபோதுகூட இவ்வளவு நேரம் யோசித்ததில்லை. “தெரியல டீச்சர்,” என்றாள். டீச்சர் அட்டையைத் தூக்கிப் பார்க்கவில்லை. ஏதோ குறித்துக்கொண்டு, வேறு உணவகத்தில் அடுத்த மாணவரின் மேஜையைப் பார்க்கக் கிளம்பினார். இன்னொரு ரயில் வந்தது. கூஜா அதிர்ந்தது, கரண்டிகள் அதிர்ந்தன, கிளாஸுக்குள் பியர் மெல்ல வட்டமிட்டது. மேலே அட்டை அசையாமல் இருந்தது.

மார்ச் 20, புதன். மதிப்பெண் என்னவென்று நான் கேட்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் கழுவ எடுத்துப் போட்டேன். அந்தக் கிளாஸை மட்டும் எடுக்கவில்லை. அடுத்த ஆட்கள் வரும்வரை இருக்கட்டும் என்றார் முதலாளி. நாளை: காலையில் மேல்வரிசை அச்சு இரண்டு, கீழ்வரிசை ஒன்று. மாலையில் பெயின்ட் கடைக்குப் போய் அண்ணியின் மஞ்சளைப் பார்க்க வேண்டும்.