வேம்பில் மேயும் பழுப்பு வண்டு

உத்தனப்பள்ளியில் கௌதமின் மானாவாரி நிலத்தில் போன வருடம் நிலக்கடலை பாதிக்குப் பாதி காய்ந்துபோனது. பிடுங்கிப் பார்த்தால் செடியில் வேரே இல்லை. மண்ணுக்குள் வெள்ளைப் புழு சுருண்டு கிடந்தது.

"கோடை மழை பெஞ்சதும் இந்தப் புழுவோட தாய்வண்டு மண்ணுலேர்ந்து வெளிய வந்து வேப்பமரத்துல மேயும். முட்டை வைக்கறதுக்குள்ள உலுக்கிப் பிடிச்சிடுங்க" என்று சொல்லியிருந்தார் வேளாண் அலுவலர் ஸ்வாதி.

இந்த மே மாதம் முதல் மழைக்கு மறுநாள் அந்தியில், வரப்பு வேம்பின் அடியில் தார்ப்பாயை விரித்துக் கௌதம் கிளைகளை உலுக்கினான். வண்டுகள் பொலபொலவென்று உதிர்ந்தன. எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் கொட்டப் போனவனை அவன் மனைவி வினிதா தடுத்தாள். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் உதிரிபாகங்களைத் தரம் பார்ப்பது அவள் வேலை.

"இருங்க. எல்லாம் ஒண்ணு இல்ல."

உட்கார்ந்து பிரித்தாள். தார்ப்பாயில் ஊர்ந்து ஏறிய, சாணி உருட்டுகிற கறுப்பு, பச்சையாக மின்னுவது, புள்ளி போட்ட பொறிவண்டு. பழுப்பு வண்டுகள்தான் நூற்றுக்கணக்கில் கிடந்தன. சில இன்னும் இலையைக் கவ்விக்கொண்டிருந்தன. படம் எடுத்து ஸ்வாதிக்கு அனுப்பினாள்.

"பழுப்புதான் எதிரி. மத்ததை விட்டுடுங்க. பொறிவண்டு செடியில சாறு உறிஞ்சற அசுவினிப் பூச்சியத் தின்னும்" என்று பதில் வந்தது.

பக்கத்து நிலத்தில் திம்மப்பனுக்கு மூன்று வேம்புகள். அங்கே வண்டுகள் இரைச்சலாகப் பறந்தன. வரப்புத் தகராறில் அவரும் கௌதமும் பேசி இரண்டு வருடம் ஆகிறது.

"அங்க விட்டா நம்ம நிலத்துலதான் முட்டை வைக்கும்" என்றாள் வினிதா.

"நான் போகமாட்டேன்."

அவளே டப்பாவில் பத்துப் பழுப்பு வண்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். "கடலை வேரைத் தின்ன புழுவுக்கு இதுதான் தாய்" என்று நீட்டினாள். திம்மப்பன் மூடியைத் திறந்து வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கும் போன வருசம் ஒரு ஏக்கரு போச்சும்மா. மருந்து சரியில்லனு நெனச்சேன்" என்றார். பிறகு, "உன் வீட்டுக்காரர வரச்சொல்லு. என்னால மரமேற முடியாது."

கௌதம் தயங்கித்தான் வந்தான். பேசாமல் மரமேறி உலுக்கினான். கீழே திம்மப்பன் குனிந்து பொறுக்கினார். நான்காம் நாள், "அந்தக் கெளையில இன்னும் இருக்குது பாருப்பா" என்றார் அவர். "பார்த்துட்டேன், மாமா" என்றான் கௌதம்.

ஆவணியில் கடலை பூத்து, காய் பிடிக்கிற விழுது மண்ணுக்குள் இறங்கியது. அங்கங்கே சில செடிகள் வாடத்தான் செய்தன. பச்சையாக நின்ற ஒன்றைக் கௌதம் பிடித்து இழுத்தான். வரவில்லை, இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது.