ஒரு கட்டை கீழே

1

இந்தக் கதை தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில், நான் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கிடைத்தது. மயூர் விஹாரிலிருந்து வந்திருந்த வடிவு என்னிடம் சுகம் விசாரித்துவிட்டு, கணவர் ரத்தினவேல் இரண்டு மாதமாகப் பாட்டே கேட்பதில்லை என்றார். ரத்தினவேல் பாட்டுக் கேட்கவில்லை என்றால் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அர்த்தம். காரணத்தை நின்ற இடத்திலேயே முழுவதுமாகச் சொன்னார். பிறகு பைக்குள்ளிருந்து ஒரு கேசட்டை எடுத்து என் கையில் வைத்தார்.

"இத நீங்க வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. வீட்ல கெடந்தா அவுக இதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காவ."

2

முதல் தொடக்கம்: 'டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலை, ஸ்வெட்டரும் மப்ளருமாக ரத்தினவேல்...' (தில்லிக் கதை என்றால் மப்ளர் சுற்றியே ஆகவேண்டுமா? அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: 'இசை என்பது...' (இந்த வாக்கியத்தை முடித்து உருப்பட்டவரை நான் பார்த்ததில்லை.)

சரி, நேராகச் சொல்கிறேன். ரத்தினவேல் மத்திய சர்க்காரில் செக்‌ஷன் ஆபீசர், திருநெல்வேலிக்காரர். மயூர் விஹார் தமிழர்கள் நடத்தும் மன்றத்தின் செய்தி மடலில் மாதம் மூன்று கேசட்டுகளைப் பற்றி எழுதுவார். கர்நாடக சங்கீதம் ஒன்று, ஜாஸ் ஒன்று, நாட்டுப்புறப் பாட்டு ஒன்று. கேட்பதெல்லாம் ஒரே பழைய டேப் ரிக்கார்டரில்.

1995 நவம்பர் மடல் என்னிடம் இருக்கிறது. ஒரு வித்வானின் தோடியை 'அவசரம் அறியாத ஞானம்' என்கிறார். ஒரு சாக்ஸபோன்காரரைப் பற்றி, 'இவர் ஊதவில்லை, துக்கத்தை யோசிக்கிறார். ஒவ்வொரு ஸ்வரத்தையும் விட மனமில்லாமல் விடுகிறார்' என்கிறார். மூன்றாவதாக, சங்கரன்கோவில் பக்கத்துச் செல்லம்மாளின் நடவுப் பாட்டு. 'குரல் களைத்துவிட்டது. இழுத்து இழுத்துப் பாடுகிறார். மேடை தாங்காது.'*

அடுத்து வந்த பொங்கல் விழாவுக்குச் செல்லம்மாளை அழைப்பதாக இருந்தார்கள். தான் மதுரைக்கு வடக்கே ரயிலில் போனதில்லை என்று கடிதம் எழுதி, கேசட்டோடு அனுப்பியிருந்தார் அவர். மன்றத்தில் வேறு யாரும் கேசட்டைக் கேட்கவில்லை. ரத்தினவேல் காது கேட்டால் போதாதா? அழைப்பு போகவில்லை.

* சாக்ஸபோனுக்கு ஒன்றரைப் பக்கம். செல்லம்மாளுக்கு மூன்று வாக்கியம். வேறு வேலையில்லாமல் எண்ணிப் பார்த்தேன்.

3

இரண்டரை வருடம் கழித்து டேப் ரிக்கார்டர் ஒரு நாடாவைத் தின்றது. லாஜ்பத் ராய் மார்க்கெட் மெக்கானிக் திறந்து பார்த்து, உள்ளே தொய்ந்து கிடந்த ரப்பர் பெல்ட்டைக் குச்சியில் தூக்கிக் காட்டினார். இது தொய்ந்து பல வருஷம் ஆயிற்று, சாப், எல்லாமே மெதுவாகத்தான் ஓடியிருக்கும் என்றார் ஹிந்தியில். புதுப் பெல்ட் மாட்டிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து ரத்தினவேல் தன் நோட்டைப் புரட்டினார். முப்பது நிமிடப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் எதிரே 'முப்பத்து மூன்றரை' என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. கம்பெனிக்காரன் தாராளமாக நாடா சுற்றியிருக்கிறான் என்று நினைத்திருந்தார், பாவம். அத்தனை பாட்டையும் ஒரு கட்டை சுருதி கீழே இறக்கி, மெதுவாக்கிக் கேட்டிருக்கிறார்.

(இங்கே எனக்கே சந்தேகம். இவ்வளவு காது உள்ளவருக்கு இது தெரியாமல் போகுமா? போகும். ரப்பர் ஒரே நாளில் தொய்வதில்லை. காதும் கூடவே இறங்கிவிடும்.)

புதுப் பெல்ட்டில் வித்வான் ரயிலைப் பிடிக்கப் போகிறவர்போலத் தோடி பாடினார். சாக்ஸபோன்காரரிடம் துக்கம் மருந்துக்கும் இல்லை. கல்யாண வீட்டு உற்சாகம். ரத்தினவேலுக்குத் தலை சுற்றியது. பத்து வருடம் எழுதியதில் தன்னுடையது எது, பெல்ட்டுடையது எது? கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. செல்லம்மாள் குரலைக் கெடுத்ததும் அப்படியானால் பெல்ட்தானே.

4

அந்தக் கேசட்டைத் தேடி எடுத்தார். இந்த இடத்தில், 'குரல் வானத்தைத் தொட்டது, அவர் கண்கள் கலங்கின' என்று எழுதிவிட்டு நானே வெட்கப்பட்டுக் கிழித்தேன். நடந்தது வேறு.

பொத்தானை அழுத்தியதும் பாட்டு ஒரு வரியின் நடுவிலிருந்து கிளம்பியது. பக்கத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த வடிவு நிமிர்ந்து பார்த்தார். கேசட்டுக்குப் பொய் சொல்லத் தெரியாது. எங்கே நிறுத்தினோமோ அங்கேயே நிற்கும். ரத்தினவேல் உடனே நிறுத்தி, வெளியே எடுத்துப் பார்த்தார். முதல் பக்கத்தில் பதினோரு நிமிடம்கூட ஓடியிருக்கவில்லை. அன்றைக்குக் கேட்டது ஒன்றரைப் பாட்டு.

எல்லாம் பெல்ட்டால் வந்தது என்று அவர் ஆரம்பித்தார்.

"பெல்ட்டு நெசந்தான்," என்றார் வடிவு. "அந்தக் குழல் ஊதுறவனும் அதே மெதுவாத்தான ஊதுனான். அவன ஏன் பாதில அமத்தல?"

ரத்தினவேல் கேசட்டை உறையில் போட்டு மூடினார். அன்றோடு பாட்டு நின்றது.

5

முடிவுகள்.

அ) ரத்தினவேல் ஒரு இன்லண்ட் லெட்டரில், 'மதிப்பிற்குரிய செல்லம்மாள் அவர்களுக்கு, என் டேப்பின் பெல்ட்' என்பதுவரை எழுதியிருக்கிறாராம். அதை முடித்து அனுப்புகிறார். அடுத்த பொங்கலுக்குச் செல்லம்மாள் வருகிறார், கைதட்டல். (இவ்வளவு சர்க்கரை எனக்கு ஆகாது.)

ஆ) பெறுநர் காலமானார் என்று கடிதம் திரும்புகிறது. (ஆண்கள் வருந்துவதற்காகத் தமிழ்க் கதைகளில் செத்த பெண்கள் போதும்.)

இ) செல்லம்மாள் பதில் எழுதுகிறார். 'அய்யா...'

அதற்குமேல் எனக்கு ஓடவில்லை. அவர் எப்படிப் பேசுவார்? மெக்கானிக்குக்குக்கூட ஒரு வாய் கொடுத்தேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், கதையில் செல்லம்மாள் இன்னும் ஒரு அடி பாடவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வடிவு கொடுத்த கேசட் என் மேஜைமேல் இருக்கிறது, அந்தப் பதினோராவது நிமிடத்திலேயே. என் டேப்பில் பெல்ட் சரியாக இருக்கிறது, பார்த்துவிட்டேன். நான்கு முறை இந்தக் கதையைத் திருத்தி எழுதினேன். ஒரு முறைகூடக் கேசட்டைப் போடவில்லை. பெல்ட் கதை கிடைத்த சந்தோஷத்தில் எனக்குப் பாட்டு தேவைப்படவில்லை. ரத்தினவேலாவது ஒன்றரைப் பாட்டுக் கேட்டார்.

குரல் நிஜமாகவே களைத்திருந்தால் என்ன செய்வது, களைக்காமலிருந்தால் என்ன செய்வது என்று இரண்டும் தெரியவில்லை. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நழுவத்தான் நினைத்தேன். ஆனால் அரைப் பாட்டும், மிச்சப் பக்கமும், இன்னொரு பக்கம் முழுவதும் பாக்கி இருக்கிறது. முதலில் அவர் பாடி முடிக்கட்டும். முதலிலிருந்தே ஓடட்டும் என்று நாடாவைப் பின்னால் சுற்றிவிட்டேன். பொத்தானை அழுத்துகிறேன். நீங்களும் நடுவில் எழுந்து போகாமல்... இதோ, செல்லம்மாள் ஆரம்பித்துவிட்டார்.