படத்துக்குக் கீழே ஒரு வரி

என் வீட்டுக்காரர் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அழுகை ஒருவாறு அடங்கிவிட்டது. இப்போது என் கவலை வேறு. ஞாயிற்றுக்கிழமை நினைவுக் கூட்டத்தில் அவரைப் பற்றி யாராவது வாயைத் திறப்பார்களா, மாட்டார்களா?

எங்கள் குடியிருப்பில் மூத்தோர் சங்கம் ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை, அந்த ஆண்டில் போய்ச் சேர்ந்தவர்களை நினைத்துக் கீழ்த்தளத்துக் கூடத்தில் கூடுவோம். முன்பெல்லாம் யார் போனாலும் ஒரே பாட்டுதான். "தங்கமான மனுஷன், யாருக்கும் ஒரு தீங்கு நெனைக்க மாட்டாரு." ஒரு வருடம் இதே வாக்கியத்தை, மேல்வீட்டுக் குழாய் ஒழுகியதற்காகப் பாதிக் குடியிருப்பின் மேல் வழக்குப் போட்ட ஒருவருக்கும் சொன்னார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. நான் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவள். இங்கே எல்லோருக்கும் செக்கிங் அக்கா. டிக்கெட் எடுக்காதவர்கள் சொல்லும் கதைகளைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போனவள். அன்றைக்கே எழுந்து நின்று ஒரு விதி போட்டேன்.

விதி சுலபமானது. இறந்தவரைப் பற்றித் தன் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நல்லவர், வல்லவர், பண்பாளர் எல்லாம் செல்லாது. சொன்னால் நான் மேசை மணியை அடிப்பேன். வீட்டு ஆட்கள் பேசக் கூடாது, அவர்கள் பொய் சொல்வார்கள். சொன்னதை ஒரு வரியாக எழுதி, படத்துக்குக் கீழே ஒட்டிக் கூடத்துச் சுவரில் மாட்டுவோம். "லிஃப்ட் நடுவில் நின்றபோது உள்ளே இருந்தவர்களைச் சிரிக்க வைத்தவர்." "மழையில் நனைந்த நாய்க்குக் குடை பிடித்துவிட்டு, பிறகு அந்த நாயைத் திட்டியவர்." யாரும் எதுவும் சொல்லாவிட்டால் படம் மட்டும் தொங்கும். அப்படி ஒரே ஒரு படம் இருக்கிறது. புதிதாகக் குடிவந்தவர்கள்கூட அதன் கீழே வெறுமையாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "பாவம், என்ன மனுஷனோ" என்கிறார்கள்.

அந்தக் கதி இவருக்கும் வந்துவிடுமோ என்பதுதான் என் கவலை.

ஏனென்றால் மனிதர் பேசவே மாட்டார். கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்த்துப் பொருத்தும் வேலை. அங்கே பேச வேண்டிய அவசியமில்லை. வீட்டிலும் அதையே தொடர்ந்தார். நான் பேசுவேன். எழுந்ததிலிருந்து படுக்கும் வரை நான்தான் பேசுவேன். அதில் முக்கால்வாசி திட்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. அவர் "ம்" என்பார். சில நாள் அதுவும் கிடையாது. கல்லுளிமங்கன் என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அதற்கும் "ம்" என்றார். "உங்ககிட்ட பேசறதும் செவுத்துகிட்ட பேசறதும் ஒண்ணுதான்" என்று நான் அலுத்துக்கொள்ளாத நாள் கிடையாது. சாயங்காலமானால் கிளம்பித் தெருமுனைச் சவரக்கடைக்குப் போய்விடுவார். அங்கேயும் ஒரு மூலையில் உட்கார்ந்து பழைய பேப்பரைப் புரட்டிக்கொண்டிருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன்.

கூட்டத்துக்கு முன் ஒரு நாள் நானே அந்தச் சவரக்கடைக்குப் போனேன். சிபாரிசுக்கு வந்ததாக யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதால், அந்த வழியாகப் போகிறவள் எட்டிப் பார்ப்பது போல எட்டிப் பார்த்தேன். சவரக்கடைக்காரர் எங்கள் மருந்துக்கடைக்காரருக்கு முகம் முழுக்க நுரை பூசிக்கொண்டிருந்தார்.

"வாங்கக்கா."

"ஞாயித்துக்கெழம கூட்டம். ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்குக்கா."

"உங்கண்ணன் தெனமும் இங்கதான வந்து உக்காந்திருந்தாரு. நீங்கள்லாம் ஏதாவது பாத்திருப்பீங்க."

சவரக்கடைக்காரர் பிரஷ்ஷும் கையுமாக அப்படியே நின்றார். மருந்துக்கடைக்காரர் எதிர்க் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார்.

"அண்ணன் ரொம்ப அமைதியான ஆளுக்கா."

"அது எனக்குத் தெரியாதா?"

"ஆமாமாம். உங்களுக்குத் தெரியாததா."

மருந்துக்கடைக்காரருக்கு இருமல் வந்தது. நுரை நாலு பக்கமும் தெறித்தது. சோப்பு தொண்டையில் இறங்கிவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். தினமும் போய் உட்கார்ந்த இடத்திலேயே ஒன்றும் தேறவில்லை என்றால் வேறு எங்கே தேறும்?

ஞாயிற்றுக்கிழமை என் மகள் வந்திருந்தாள். கூடத்தில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மணியையே பார்த்தாள்.

"அம்மா, இன்னிக்கு ஒரு நாள் அத வேற யார்கிட்டயாவது குடேன்."

"எதுக்கு?"

"அப்பாவுக்கும் அடிப்பியா?"

"உங்கப்பாவுக்குன்னு தனி விதியா?"

அவள் பெருமூச்சு விட்டாள். அது அவள் அப்பாவின் பெருமூச்சு.

அந்த வருடம் மூன்று பேர். மேசைமேல் மூன்று படங்கள் வரிசையாக இருந்தன. சங்கத் தலைவரான ஓய்வு பெற்ற தபால்காரர் முதலில் தட்டச்சு டீச்சரின் படத்தைத் தூக்கிக் காட்டினார். தையற்காரர் எழுந்தார். "கண்ணு மங்கிப் போனப்பறமும் டீச்சரோட வெரலு மடியில டைப் அடிச்சுக்கிட்டே இருக்கும். என்ன டீச்சர் அடிக்கிறீங்கன்னு ஒரு நாள் கேட்டேன். 'நீ பேசறதத்தான், கொஞ்சம் மெதுவாப் பேசு'ன்னாங்க." எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்து கிரேன்காரர். துறைமுகத்தில் பத்து மாடி உயரத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர், பல்பு மாற்ற ஸ்டூல் மேல் ஏறச் சொன்னால் கால் நடுங்குவாராம். ஸ்டூலை அல்ல, அவர் காலைத்தான் ஒவ்வொரு முறையும் பிடித்துக்கொண்டதாக வாட்ச்மேன் சொன்னார். மணிக்கு வேலையே இல்லை.

பிறகு இவர் படத்தைத் தூக்கினார்கள்.

ஆளாளுக்கு மோட்டுவளையைப் பார்த்தார்கள். கடைசியில் மருந்துக்கடைக்காரர் மனசில்லாமல் எழுந்தார்.

"அண்ணன் பத்தரமாத்துத் தங்கம்..."

மணி அடித்தேன். மகள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

தையற்காரர் எழுந்தார். "அதிர்ந்து ஒரு வார்த்த பேச மாட்டாரு."

"பேசாதத எப்பிடிப் பாத்தீங்க?" என்று மணி அடித்தேன். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

பின்வரிசையில் நாலைந்து பேர் சவரக்கடைக்காரரை முதுகில் கை வைத்துத் தள்ளினார்கள். அவர் எழுந்து தோள் துண்டை முறுக்கினார்.

"அண்ணன் கடைக்கு வருவாருக்கா."

"சரி."

"வந்து உக்காருவாரு."

"அப்பறம்?"

"அப்பறம் எழுந்திரிச்சுப் போயிருவாரு."

இதற்கு மணி அடிக்கவும் வழியில்லை. கண்ணால் பார்த்ததுதான். ஆனால் "வந்து, உட்கார்ந்து, எழுந்து போனவர்" என்று ஒரு மனிதரின் படத்துக்குக் கீழே எழுத முடியுமா? எனக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. எனக்கு எது வந்தாலும் கூடவே அதுவும் வரும்.

"இத்தன வருஷம் உங்களோடதான இருந்தாரு? கேட்டா ஆளாளுக்கு மோட்டுவளையப் பாக்கறீங்க. வாய என்ன வாடகைக்கு விட்டிருக்கீங்களா? வாடகைக்கு விட்டதுதான் விட்டீங்க, அட்வான்ஸாவது வாங்கினீங்களா?"

பின்வரிசை வெடித்துச் சிரித்தது. அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல் போன சிரிப்பு. மருந்துக்கடைக்காரர் நாற்காலியோடு ஆடினார். தலைவர் படத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் படத்தால்.

நான் ஒன்றும் புரியாமல் நின்றேன்.

"சொல்லிடுப்பா" என்றார் தலைவர், படத்துக்குப் பின்னாலிருந்து. "இனிமே மறச்சு என்ன ஆகப் போவுது?"

சவரக்கடைக்காரர் என்னைப் பார்த்தார். "கோவிச்சுக்கக் கூடாதுக்கா."

"கோவிச்சுக்குவேன். சொல்லு."

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து, சேலைத் தலைப்பைப் போல இடுப்பில் இழுத்துச் செருகினார். இடது கையை இடுப்பில் வைத்தார். டிக்கெட் கேட்பது போல வலது கையை நீட்டினார். முகவாய் மேலே போனது.

"'ஏங்க, ஈரத் துண்ட கட்டில் மேல போட்டது யாரு? நான் போடல. அப்ப துண்டே குளிச்சிட்டு வந்து படுத்துக்கிச்சா? படுக்கட்டும். ஒரு போர்வைய எடுத்துப் போத்தி விடுங்க, பாவம், அசந்து தூங்கட்டும். நாம ரெண்டு பேரும் கீழ படுத்துக்கலாம்.'"

கூடம் அதிர்ந்தது. நான் சொன்னதுதான். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "படுக்கட்டும்" என்றதும் மூச்சு வாங்குவேனே, அதுகூட இருந்தது.

"இத அவரா சொன்னாரு?"

"சொல்லலக்கா, நடிச்சுக் காட்டினாரு. வந்ததும் என் துண்ட வாங்கி இடுப்புல செருகிக்குவாரு. அப்பறம் கடை மூடுற வரைக்கும் வேற யாரும் வாயத் தெறக்க முடியாது. அவரு பேசிக்கிட்டே இருப்பாரு."

"எங்க வீட்டுக்காரரு?"

"அவருதாங்கக்கா. ஷேவிங் பண்ணிக்கிறவங்கள எல்லாம் முன்னாடியே அனுப்பிடுவேன். அவரு ஆரம்பிச்சா சிரிப்புல கன்னம் ஆடும், கத்தி பட்டுடும்."

உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது. வீட்டு விஷயத்தை எடுத்துக்கொண்டு போய், தினமும், ஒரு கடையில், நாலு பேர் நடுவில் என்னைச் சந்தி சிரிக்க வைத்திருக்கிறார். வந்து, ஒன்றும் தெரியாத பூனை மாதிரி சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார். இந்த மனிதருக்காகவா நான் சவரக்கடைப் படியேறினேன்?

அதற்குள் மருந்துக்கடைக்காரர் எழுந்துவிட்டார். "எனக்கு அந்த மாத்திரக் கததான் புடிக்கும். 'மாத்திரைய டப்பாவுல வெச்சு அழகு பாக்கறீங்களே, பிரஷர் உங்களுக்கா டப்பாவுக்கா? டப்பாவுக்குன்னா சொல்லுங்க, டாக்டர்கிட்ட அதையே கூட்டிட்டுப் போறேன்.'" தையற்காரர் எழுந்து இன்னொன்று. தலைவர் படத்தை மேசைமேல் வைத்துவிட்டு இன்னொன்று. எல்லாம் நான் பேசியவை. பலவற்றை நானே மறந்துபோயிருந்தேன். என் மகள் கண்ணில் நீர் வர, "அம்மா, நீயேதாம்மா" என்று சிரித்தாள்.

எப்போது கோபம் விட்டுப்போனது என்று எனக்குத் தெரியவில்லை. இவ்வளவையும் அவர் கேட்டிருக்கிறார் என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. சுவரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன் என்றல்லவா நினைத்திருந்தேன். முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படித்தபோதும், பாதிப் பேச்சில் எழுந்து போனபோதும், ஒன்றைக்கூடச் சிந்தாமல் கேட்டு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

"அப்ப கீழ என்னன்னு எழுதட்டும்?" என்று தலைவர் பேனாவைத் திறந்தார். "'மனைவியைப் போலவே பேசிக் காட்டியவர்'னு போடலாமா? உங்களுக்குச் சம்மதம்னா."

"கண்ணால பாத்ததுதான? போடுங்க."

எழுதினார். கை தட்டினார்கள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எனக்கு இன்னும் கேட்க ஆசையாக இருந்தது. சவரக்கடைக்காரரைக் கூப்பிட்டேன்.

"கடைசியா வந்தாரே, அன்னிக்கு எத நடிச்சாரு?"

அவர் இடுப்பிலிருந்த துண்டை உருவிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு ஒண்ணும் செய்யலக்கா."

"ஏன்?"

"நாங்க கேட்டோம். 'இன்னிக்கு அவ ஒரு வார்த்தகூடத் திட்டல'ன்னாரு. பேசாம உக்காந்திருந்தாரு. அப்பறம், 'அவ இப்பிடி இருக்கறவ இல்ல, உடம்புக்கு என்னமோ, நான் போய்ப் பாக்கறேன்'னு எழுந்திரிச்சாரு. ஓட்டமும் நடையுமாத்தான் போனாரு."

அன்று விடிந்ததிலிருந்தே பல்வலி, வாயைத் திறக்கவில்லை. மதியம் அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது நான் தனியாகப் போய்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தேன். வாயில் பஞ்சு. காலை வரைக்கும் பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் எழுந்ததும் டீயை முன்னால் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். அவரும் ஏன் என்று கேட்கவில்லை, கிளம்பிப் போனார். இருட்டுவதற்கு முன்பே திரும்பி வந்துவிட்டார். நேராகக் கட்டிலருகே வந்து நின்று என் முகத்தைப் பார்த்தார். நான் கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன், காகிதத்தில் சுற்றி வைத்திருந்த பல்லையும் காட்டினேன். நீளமாக மூச்சு விட்டு என் கால்மாட்டில் உட்கார்ந்தார். அப்போதுதான் பார்த்தேன். செருப்பைக் கழற்றாமல் வந்திருந்தார். காலையில் துடைத்த தரையில் வாசலிலிருந்து கட்டில் வரைக்கும் சேறு. வாயைத் திறக்க முடியவில்லை. சரி, விடியட்டும், வைத்துக்கொள்கிறேன் என்று விட்டுவிட்டேன். விடிந்தபோது அவர் எழுந்திருக்கவில்லை.

நான் எழுந்து மேசையருகே போனேன். படத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"ஏங்க, வாசப்படின்னு ஒண்ணு எதுக்கு வெச்சிருக்கு? செருப்போட நடுவீடு தாண்டிக் கட்டில் வரைக்கும் வர்றீங்களே, இந்தத் தரையத் தொடச்சவ ஒருத்தி இங்கதான் படுத்திருக்கான்னு தோணுச்சா? அப்பிடி என்ன அவசரம் உங்களுக்கு?"

ஒருவரும் சிரிக்கவில்லை. மகள் வந்து என் தோளைப் பிடித்து, "போதும்மா, வந்து உக்காரு" என்றாள். எனக்குத் திட்ட இன்னும் நிறைய இருந்தது.