பிடிச்சதோ, பிடிக்கேல்லையோ

ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலை விட்டு இறங்கவில்லை, அதற்குள் ஒருவர் போனை நீட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

“அண்ணை, இதை ஒருக்கா ஸ்லோவில பாருங்கோ. பந்து கைக்குள்ளதானே நிக்குது?”

“நான் நேரில பாத்தனான்,” என்றார் அன்புராசா. ஒரு கிழமையாக எல்லாருக்கும் இதே பதில். சொல்லிச் சொல்லி மனிசனுக்கு வாய் உளைந்துவிட்டது.

கிழமை நாட்களில் அவர் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர். சனிக்கிழமைகளில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, கனடாவின் ஸ்காபரோவில் ஒரு சின்ன லீக்கில் றெஃபரி. ஃபுட்போல் என்றதும் நம்முடைய உதைபந்தாட்டத்தை நினைத்துவிடாதீர்கள். இது ஹெல்மெட் போட்டு, தோளில் கவசம் கட்டி, நீள்வட்டப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஆளை ஆள் விழுத்துகிற விளையாட்டு. பெயரில்தான் கால், மிச்சமெல்லாம் கை. அதில் பெரிய தலையிடி எது என்று கேட்டால் அன்புராசா யோசிக்காமல் சொல்வார்: பந்தைப் பிடித்தானா இல்லையா என்பதுதான். பிடித்துவிட்டுப் பிறகு தவறவிட்டால் ஆட்டம் நிற்காது, யாரும் பந்தை எடுத்துக்கொண்டு ஓடலாம். விழுகிறபோது பந்து நிலத்தில் முட்டி நழுவினால் அது பிடியே இல்லை, ஆட்டம் அந்த இடத்தோடு முடிந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கண் இமைக்கிற நேரம். அதைச் சரியாகப் பார்த்தால் ஒருவரும் நன்றி சொல்ல மாட்டார்கள். பிழையாகப் பார்த்தால் றெஃபரியின் அம்மாவிலிருந்து தொடங்குவார்கள்.

எட்டு நாளுக்கு முந்திய சனிக்கிழமை அரையிறுதி, கடைசிப் பந்து. நிசாந்தன் எம்பினான், இரண்டு கையாலும் பந்தை எடுத்தான், கிட்ட ஒருவரும் இல்லாமல் தானே நிலத்தில் விழுந்தான். பந்து புல்லில் முட்டி நழுவியது. அவனுடைய அணிக்காரன் ஒருவன் அதை அள்ளிக்கொண்டு எல்லைக்கோட்டுக்கு அப்பால் ஓடிவிட்டான். பிடித்துத் தவறவிட்டது என்றால் வெற்றி. பிடிக்கவில்லை என்றால் தோல்வி. அன்புராசா விசிலை ஊதி, இரண்டு கையையும் இடுப்புக்கு முன்னால் குறுக்கும் மறுக்குமாக வீசினார். பிடிக்கவில்லை.

இந்த நிசாந்தன் யார் என்றால், அவருடைய ஒரே மகள் றெஜினாவுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை. தையில் கலியாணம். மாப்பிள்ளையின் ஆட்டத்துக்கு நான் வரமாட்டேன் என்று லீக்கில் தலைபாடாய் அடித்துச் சொன்னார். வரவேண்டியவருக்குக் காய்ச்சல், வேறு ஆளில்லை என்று கெஞ்சினார்கள். போய் மாட்டுப்பட்டார்.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. கோட்டுக்கு வெளியே நின்ற தமிழ்ப் பெடியள் “அங்கிள், பிடிச்சதுதானே!” என்று கத்த, வந்த எரிச்சலில் இவரும் தமிழிலேயே “பிடிக்கேல்லை! பிடிக்கேல்லை!” என்று கத்திவிட்டார். மடக்குக் கதிரை போட்டு அங்கே குந்தியிருந்தவர் செல்வரட்ணம், மாப்பிள்ளையின் தாய்மாமன். அவருக்கு இந்த விளையாட்டில் ஒரு மண்ணும் விளங்காது. அவர் கண்டதெல்லாம் இவ்வளவுதான்: பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளைக்கு முன்னால் நின்று வேண்டாம் வேண்டாம் என்று கையை வீசுகிறார், ஊருக்கே கேட்கக் கத்துகிறார். மனிசன் இருந்த இருப்பிலேயே தங்கச்சி கிளடிஸுக்குப் போன் அடித்தார்.

“பிள்ளை, சம்பந்திக்கு எங்கடை பெடியனைப் பிடிக்கேல்லையாம்!”

பிறகென்ன, கேட்கவும் வேண்டுமா? மாப்பிள்ளையின் தாய் கிளடிஸ் இவர்களுடைய போனையே எடுக்கவில்லை. பிடிக்காதது பந்துதான், மாப்பிள்ளையை இல்லை என்று ஆள்விட்டு விளங்கப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. விளங்கிய பிறகு கோபம் கூடிற்றே தவிரக் குறையவில்லை. அப்படியென்றால் வேண்டுமென்றே மகனைத் தோற்கடித்திருக்கிறார்! பிழையாகப் பார்த்துவிட்டேன் என்று வீட்டுக்கு வந்து தன் வாயால் சொல்லட்டும், இல்லாவிட்டால் கலியாணத்தைப் பற்றி யோசிக்க வேண்டிவரும் என்று சொல்லியனுப்பினாள்.

அதற்குத்தான் பூசை முடிந்த கையோடு மாப்பிள்ளை வீடு இருக்கிற மிசிசாகாவுக்குப் பயணம். கார் ஓட்டியது றெஜினா. வழி நெடுக அவள் கண் ரோட்டிலேயே இருந்தது.

“ஒரு சொல்லுச் சொன்னா உங்கடை கிரீடம் கழண்டு விழுந்திடுமே?” என்றாள் மனைவி அன்ரனெற் பின்னாலிருந்து.

“உண்மையாப் பிடிக்கேல்லையப்பா. நான் என்னத்தைச் சொல்ல?”

“ஒரு பந்து! அதால ஆரின்ரையும் சீவன் போகுதே?”

அன்புராசா நொந்த முழங்காலைத் தடவிக்கொண்டார். இந்தக் கிழமை முழுக்க மகள் வேலையால் வந்து, சாப்பாடு வேண்டாம் என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டது நினைவுக்கு வந்தது. சீ, என்ன பெரிய விசிலும் சட்டையும் என்று அவருக்கே வெறுத்துப்போயிற்று.

கதவைத் திறந்தவர் மாப்பிள்ளையின் தகப்பன் ஜெயரட்ணம். நல்ல மனிசன், ஆனால் அந்த வீட்டில் அவருக்கு வாய் கிடையாது. செல்வரட்ணம் கால்மேல் கால் போட்டு இருந்தார். நிசாந்தன் சோபாவில். தேத்தண்ணியும் சுடச்சுடப் பொரித்த பற்றிஸும் வந்தன. ஒருவரும் தொடுமுன்னரே கிளடிஸ் றிமோட்டை எடுத்து அந்த வீடியோவைப் பெரிய ரீவியில் போட்டுவிட்டாள். மைதானத்தின் மறுகரையிலிருந்து யாரோ எடுத்தது. நிசாந்தனின் முதுகு தெரிந்தது. பந்து தெரியவேயில்லை.

“இப்ப சொல்லுங்கோ அண்ணை. பிடிச்சதோ, பிடிக்கேல்லையோ?”

“தங்கச்சி, பிள்ளையை எனக்கு நல்லாப் பிடிக்கும். பந்தைத்தான்…”

“பிள்ளையைப் பற்றி நான் கேக்கேல்லை!”

திரும்பவும் அதே முதுகு விழுந்தது. அன்ரனெற் கணவரின் முழங்கையை இடித்தாள். அன்புராசா மகளைப் பார்த்தார். அவள் ரீவியைப் பார்க்கவில்லை, நிசாந்தனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம் பிள்ளை, அவ்வளவு ஆசை வைத்திருக்கிறாள் என்று அவருக்கு நெஞ்சு உருகிவிட்டது.

“பிடிச்சதுதான்,” என்றார். “வயசு போட்டுது, கண் பிழைச்சுப்போச்சு. தம்பி, குறை நினையாதையும்.”

அப்பாடா என்று கிளடிஸ் ரீவியை நிறுத்தினாள். “அதுதானே! நான் அண்டைக்கே கண்டனான்!” என்றார் செல்வரட்ணம், பந்து எது ஹெல்மெட் எது என்று தெரியாத அந்தப் பெரிய மனிசன்.

“பரவாயில்லை அங்கிள், எல்லாருக்கும் நடக்கிறதுதானே,” என்று சிரித்துக்கொண்டு நிசாந்தன் ஒரு பற்றிஸை எடுத்துக் கடித்தான்.

இத்தனை வருசத்தில் கண்டதை மாற்றிச் சொன்னது அன்புராசாவுக்கு அதுதான் முதல் தடவை. ஆனாலும் போகட்டும், மகளின் வாழ்வு தப்பியதே என்று தேத்தண்ணியை விழுங்கினார். வெளிக்கிடும்போது கிளடிஸ் பலகாரப் பெட்டி ஒன்றைக் கட்டிக் கொடுத்து வாசல் வரைக்கும் வந்தாள்.

றெஜினா கடைசியாக வந்து காரில் ஏறினாள். ஸ்டியரிங்கில் கை வைத்தாளே தவிரக் காரை எடுக்கவில்லை. பின்னாலிருந்து எட்டிப் பார்த்த அன்ரனெற் திடுக்கிட்டாள்.

“பிள்ளை, விரலில மோதிரம் எங்கை?”

“அவரின்ரை தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில வச்சிட்டு வந்திட்டன்.”

“என்ரை மாதாவே! இப்பதானே எல்லாம் சரிவந்தது!”

“மட்ச் முடிஞ்ச உடனே காருக்குள்ள வச்சு அவரே எனக்குச் சொன்னவர், அம்மா. பந்து நிலத்தில பட்டது, அங்கிள் கரெக்டாத்தான் பாத்தவர், ஆனா எங்கடை அம்மாட்டச் சொல்லிப்போடாதை எண்டு. அதை நான் சொல்லக்கூடாது, அவர்தான் சொல்லோணும் எண்டு வீக் முழுக்கப் பாத்துக்கொண்டிருந்தன். இண்டைக்கும் பாத்தன்.”

அன்புராசா மகளின் பக்கம் திரும்பினார். “நான் உனக்காகத்தானே அப்பிடிச் சொன்னனான்,” என்றார்.

“தெரியும் அப்பா. நீங்க பிடிக்கேல்லை எண்டே நிண்டிருந்தா அவர் பேசாமல் இருந்திருப்பார், பாவம் தாய்க்குப் பயம் எண்டு நானும் விட்டிருப்பன். நீங்க தலையைக் குனிஞ்சு அவரிட்ட மன்னிப்புக் கேட்டீங்க. அவர் அதை வாங்கிக்கொண்டு பற்றிஸ் சாப்பிட்டார்.”

அன்புராசாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மகள் அழவில்லை. கண்ணாடியில் பின்பக்கம் பார்த்து, காரை மெல்ல ரிவர்ஸ் எடுத்தாள்.

“பெல்டைப் போடுங்கோ அப்பா,” என்றாள்.